அம்பிட்டியவில் ஓர் ஏற்புரை

கண்டிக்கு ஜாஸ் கேட்கப் போகிறேன் என்று சொன்னபோது திருச்சியில் ஒருவரும் நம்பவில்லை. எங்கள் அச்சக முதலாளி மட்டும், "அங்க போய் அதையா கேக்கணும், ஒரு கிலோ நல்ல தேயிலை வாங்கிட்டு வாங்க" என்றார். நான் போனது பாட்டுக் கேட்பதற்கும் இல்லை, தேயிலைக்கும் இல்லை. சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துகிறேன். கண்டிக்கு அப்பால் மடுல்கெல்லவில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருகிற புஷ்பராணி என்ற பெண்ணின் சிறுகதைகளை அச்சிட்டிருந்தேன். அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், வெளியிடும்போது கூட இருக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை.

வெளியிடும் இடம் கண்டியை ஒட்டிய அம்பிட்டியவில் ஒரு புத்தகக் கடை. அங்கே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஜாஸ் வாசிப்பார்கள். அதற்கு முன்னால் ஓர் எழுத்தாளர் தன் எழுத்தைப் படிப்பார். இத்தனை நாளும் ஆங்கிலம், சிங்களம். தமிழுக்கு இதுதான் முதல் தடவை. உடுப்பைக் குறைத்துப் பெட்டி நிறையப் புத்தகம் அடைத்துக்கொண்டு போனேன். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இதெல்லாம் விற்கவா என்று கேட்டார். தமிழில் சிறுகதைத் தொகுப்பு விற்கும் என்று நம்பிய ஒரே மனிதர் அவர்தான்.

ரயிலில் கண்டிக்கு ஏறினேன். பாதி வழிவரை நின்றுகொண்டுதான் வந்தேன். பசி தாங்காமல், கூடை தூக்கி வந்தவரிடம் வடை வாங்கிக் கடித்தால் பல்லில் இறால் தலை மாட்டியது. நான் பிறவிச் சைவம். இங்கே வடை என்றால் அதன்மேல் முழு இறாலை உட்கார வைத்திருப்பார்கள் என்று யார் கண்டார்? பக்கத்தில் இருந்த சிங்களப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துச் சிரித்து, தன் பையிலிருந்து வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார். "சாமி கும்பிடுகிறவரா?" என்று சிங்களத்தில் கேட்டதாக எதிரில் இருந்த பையன் மொழிபெயர்த்தான். வாழைப்பழத்துக்காக ஆமாம் என்றேன்.

கடை எனக்குப் பிடித்துவிட்டது, அதை மறைப்பானேன். சரிவில் நிற்கும் பழைய வீடு. முன் அறையில் புத்தகம், பின் அறையில் புத்தகம், நடுக்கூடத்தில் ஒரு பியானோவும் மடக்குக் கதிரைகளும். நாற்காலியைக் கதிரை என்று சொன்னால்தான் அங்கே நமக்கு உட்கார இடம் கிடைக்கும். உரிமையாளர் குமுது என்ற சிங்களப் பெண். எதையும் சுருக்கமாகப் பேசுகிறவர். சனிக்கிழமை ஐந்தரைக்குத் தமிழ் நிகழ்ச்சி, ஆறரைக்கு ஜாஸ், அதில் ஒரு நிமிடமும் முன்பின் கிடையாது என்றார். ஜாஸ் கேட்க டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் காத்திருக்க மாட்டார்களாம். ஒரு மணி நேரம் என்பது எனக்குத் தாராளமாகப் பட்டது. கதை படித்து முடிக்கக் கால் மணி போதும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதும் புஷ்பராணி பஸ் பிடித்து வந்தாள். நான் அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒல்லியான உடம்பு, பெரிய குடை, எதற்கெடுத்தாலும் "சரிங்கக்கா". ஆனால் எந்தக் கதையைப் படிப்பது என்பதில் மட்டும் பிடிவாதம். தொகுப்பில் நான்கைந்து கதை நன்றாகச் சிரிக்க வைக்கும்; அதில் ஒன்றைப் படி, சபை உன் கைக்குள் வந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். இல்லை, 'மதிய நிறுவை'தான் என்றாள்.

அந்தக் கதை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கொழுந்து பறிக்கிற ஒரு தாய். அவளுடைய மூன்று வயதுப் பையனைப் பிள்ளைக் காம்பிராவில், அதாவது வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறையில், விட்டிருக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மலைக்கு ஆள் வருகிறது. பறித்த கொழுந்தை எடை நிறுத்துவிட்டுப் போ என்கிறார் கங்காணி. அவளும் வரிசையில் நின்று, நிறுத்துவிட்டு, இறங்கி ஓடுகிறாள். பிள்ளை போய்விட்டது. கதையில் வருகிற தாய் புஷ்பராணியின் அம்மா மாரியாயி. பையன், இவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட அண்ணன். அம்மா இதுவரை அவன் பெயரை வீட்டில் உச்சரித்ததே இல்லை. பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் இவளுக்கே தெரியும்.

"அம்மாவுக்கு எழுத்து தெரியாதுக்கா. நாந்தான் வாசிச்சுக் காட்டணும்" என்றாள். "ஒரு தடவை வீட்டுல ஆரம்பிச்சேன். ரெண்டு வரி போறதுக்குள்ள எந்திரிச்சு வெறகு பொறுக்கப் போயிருச்சு. சபையில உக்கார வச்சா எந்திரிக்காது. நாலு பேரு இருக்கற எடத்துல பாதியில எந்திரிக்கறது மரியாதை இல்லன்னு நெனைக்கும். கடைசி வரியை மட்டும் அது கேட்டுட்டா போதும்."

அந்தக் கடைசி வரியில் மகள் தாயைப் பார்த்து, நீங்க வரிசையில நின்னது தப்பில்லம்மா என்கிறாள். மெய்ப்புப் பார்த்தபோது அந்த வரி கொஞ்சம் வெளிப்படையாக இருக்கிறதே என்று பென்சிலால் சுழித்தவள் நான். நல்ல வேளை, அவள் கேட்கவில்லை.

பியானோ வாசிப்பவர் ட்ரெவர் என்ற பறங்கியர், ஐரோப்பியக் கலப்பு வம்சத்தவர். வெள்ளைத் தலை, காலில் ரப்பர் செருப்பு, கையில் பிளேன்டீ. தமிழ் ஒரு சொல் தெரியாது. பரவாயில்லை, நீ படி, நான் உன் மூச்சைக் கேட்டுக்கொள்கிறேன் என்று புஷ்பராணியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். கதை எதைப் பற்றியது என்று மட்டும் என்னைக் கேட்டார், சொன்னேன். அங்கேயே ஓர் ஒத்திகை; அவள் படிக்கத் தொடங்கினாள். அவர் முதலில் சும்மா இருந்தார். மூன்றாவது வாக்கியத்தில் இடது கையால் ஒரே ஒரு சுரத்தை அழுத்தினார். பிறகு அவள் எங்கே நிறுத்துகிறாளோ அங்கெல்லாம் ஒன்றிரண்டு. தாய் மலையிலிருந்து இறங்குகிற இடத்தில் அவர் என்ன வாசித்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சங்கீதம் என்றால் சபாவில் சுண்டல் என்று இருந்தவள் நான். அன்றைக்கு அந்தக் கூடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். குமுது புத்தகத்துக்கு விலை ஒட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு நீ மைக்குக்கு வந்ததும் இப்படித்தான், மூன்றாவது வாக்கியத்தில் நான் சேர்ந்துகொள்வேன் என்றார் ட்ரெவர்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் நாம் தமிழர்கள் அல்லவா? சாயங்காலமே சிவஞானம் மாஸ்டர் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் கல்வி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் இருக்கிற இலக்கிய வட்டத்தின் தலைவர். வெள்ளை வேட்டி, கனிவான முகம். கடையைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். வெளியீட்டு விழாவின் ஒழுங்கை எனக்கு விளக்கினார். மங்கல விளக்கேற்றல், தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், நூலின் நயம் பாராட்டும் நயவுரை, இந்தியாவிலிருந்து வந்திருக்கும் எனக்குப் பொன்னாடை. எல்லாம் முடிந்து கடைசியில் நூலாசிரியரின் ஏற்புரை.

ஐயா, இருப்பதே ஒரு மணி நேரம், அவள் கதை படிக்க வேண்டும் என்றேன்.

"படிப்பா, படிப்பா. ஏற்புரையில படிக்கட்டும்" என்றார். "ஆனா முறையாச் செய்யவேணும் பாருங்கோ. எங்கட ஆக்களின்ர புத்தகத்துக்கு இவ்வளவும் செய்யிறம். தோட்டத்துப் பிள்ளையின்ர புத்தகம் எண்டவுடன குறைச்சுப்போட்டினம் எண்டு நாளைக்கு ஆரும் சொல்லக்கூடாது."

அவரோடு என்ன சண்டை போடுவது? கெட்ட எண்ணம் இருந்திருந்தால் வாயை அடைத்திருப்பேன். அந்த மனிதர் உண்மையாகவே அவளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று நினைத்தார். திருச்சியில் என்றால் இதற்குள் இரண்டு கட்சிக்காரர்கள் மேடையைப் பிடித்திருப்பார்கள், எழுத்தாளருக்குக் கதிரையே இருந்திருக்காது. அதற்கு இது மேல் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் மடுல்கெல்லவுக்கு பஸ் ஏறினேன். இந்தியாவிலிருந்து வந்தவள் நேரில் போய்க் கூப்பிட்டால்தான் அம்மா அசைவாள் என்று புஷ்பராணி சொல்லியிருந்தாள். பஸ் வளைவுக்கு வளைவு என்னைப் பக்கத்தில் இருந்தவர் மடியில் போட்டது. ஓர் இடத்தில் விறகு லொறி குறுக்கே சிக்கிக்கொள்ள, எல்லாரும் இறங்கி அடுத்த கடைவரை நடந்தோம். நடத்துனர் சிங்களத்தில் என்னவோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். இந்தியக்காரி நடக்கிற நடைக்கு லொறி முந்திவிடும் என்றானாம்.

லயத்தில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தார்கள். அந்தச் சம்பலின் காரம் என் காதுவரை ஏறியது. ஆனால் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு. "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று மாரியாயி சொன்னபோது புதுக்கோட்டையில் என் சித்தி வீட்டில் இருப்பது போலவே இருந்தது. கட்டிலில் அவளுடைய கணவர், பக்கவாதம் வந்து படுத்தவர். அவரை விட்டு ஓர் இரவும் வெளியே தங்கியதில்லையாம். பக்கத்து வீட்டுப் பெண் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம்வரை பார்த்துக்கொள்வாள். கடைசி பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும், அப்படியென்றால் வருகிறேன் என்றாள். "எம்மக வாசிக்கிறத கேக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, மடித்து வைத்திருந்த மாம்பழக் கலர்ச் சேலையை எடுத்தாள். என்ன கேட்கப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

ஐந்தரைக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டோம். மாரியாயியை முதல் வரிசையில் உட்கார வைத்தேன். பின்வரிசைகளில் ஜாஸ் கேட்க வந்தவர்கள் சீக்கிரமே வந்து, ரோல்ஸும் கட்லட்டும் தின்றுகொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள். பியானோவுக்குப் பின்னால் ட்ரெவர், இன்றைக்கு ஷூ போட்டு.

விளக்கு எரியவில்லை. மேலே மின்விசிறி. ஒவ்வொரு பிரமுகராக வந்து ஒரு திரி ஏற்ற, முன்னவர் ஏற்றியது அணைய, மறுபடி முன்னவரை அழைக்க வேண்டியிருந்தது. விசிறியை நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, கடைசியில் குமுது எழுந்து நிறுத்தினார். வரவேற்புரை சொன்னவர் வந்திருந்த ஒவ்வொருவரையும் பட்டத்தோடு, பதவியோடு, ஓய்வு பெற்றிருந்தால் எதிலிருந்து ஓய்வு பெற்றார் என்பதோடு வரவேற்றார். ஆசியுரை சொன்னவர் மலையகத்தின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பிடித்தார். தோட்டத்து மக்களின் குரல் இனிமேலாவது கேட்க வேண்டும் என்று அவர் உருகிக்கொண்டிருந்தபோது அந்தக் குரலுக்குரியவள் ஓரத்துக் கதிரையில் புத்தகத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

என் முறை வந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். பேசுங்கள் என்றார்கள். வேண்டாம், அந்த நேரத்தையும் புஷ்பராணிக்குக் கொடுங்கள் என்றேன். அது தன்னடக்கம் என்று முடிவு செய்து கைதட்டினார்கள். மாஸ்டர் என் தன்னடக்கத்தைப் பற்றித் தனியாகப் பேசினார். மறுத்ததற்குப் பேசியிருந்தாலே சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் காதருகே குனிந்து, போதும் ஐயா, அந்த அம்மாவுக்குக் கடைசி பஸ் இருக்கிறது, அவளைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். "ஓம், ஓம், நயவுரை மட்டும்தான்" என்றார். நயவுரைக்காரர், இந்த நூலை முழுவதும் படிக்க நேரம் கிடைக்கவில்லை என்று தொடங்கி, அது தன்னைத் தடுக்காதபடி வெகு தூரம் போனார்.

குமுது சுவர்க் கடிகாரத்தைக் காட்டிவிட்டுக் கை விரல்களை விரித்தார். ஐந்து நிமிடம். அதற்கு மேல் இல்லை. வேண்டுமென்றால் ஜாஸுக்கு இடைவேளையில் படிக்கட்டும் என்றார். இடைவேளை வரும்போது கடைசி பஸ் போயிருக்கும்.

புஷ்பராணி மைக்குக்கு வந்தாள். ஐந்து நிமிடம் போதும், கடைசிப் பக்கத்தை மட்டும் படி, கடைசி வரியை மட்டுமாவது படி என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு சபையைப் பார்த்தாள். ஏற்புரை என்றால் முதலில் நன்றி சொல்ல வேண்டும், ஒருவர் பெயரையும் விடக்கூடாது. போன வருடம் ஒருவர் ஆசியுரை சொன்னவரின் பெயரை விட்டுவிட்டாராம், அதன் பிறகு இலக்கிய வட்டத்தில் யாரும் அவருடைய எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளே சொல்லிச் சிரித்த கதை அது.

"இந்த விழாவுக்குத் தலைமை தாங்கிய மதிப்புக்குரிய..." என்று ஆரம்பித்தாள். ஒரு பெயர். இரண்டாவது பெயர். மாஸ்டர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அடுத்த பெயரை அன்போடு எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது பெயரில் பியானோ தொடங்கியது.

ட்ரெவர் பாவம், என்ன செய்வார்? அவர் இவ்வளவு நேரமும் இதற்காகத்தான் காத்திருந்தார். அவள் மைக்குக்கு வந்தாள், தமிழில் பேசுகிறாள். அவளுக்குக் குரல் நடுங்கியது, மூச்சு வாங்கியது. அவர் அந்த மூச்சைக் கேட்டு வாசித்தார். முன்னாள் கூட்டுறவுச் சங்கத் தலைவரின் பெயருக்குக் கீழே, மலையில் வரிசையில் நிற்கிற தாய்க்காக வைத்திருந்த அந்த ஒற்றைச் சுரம். நகைக்கடை உரிமையாளருக்கு அவள் நன்றி சொன்னபோது பியானோவில் அந்தத் தாய் மலையிலிருந்து இறங்கி ஓடினாள். நான் எழுந்து போய் நிறுத்தியிருப்பேன். ஆனால் அது அவ்வளவு நன்றாக இருந்தது, கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். புஷ்பராணி அழவில்லை. வரிசையாகப் பெயர்களைச் சொல்லி முடித்தாள், ஒன்றும் விடவில்லை. "அனைவருக்கும் நன்றி" என்றாள். ட்ரெவர் மிக மெதுவாகக் கையை எடுத்தார்.

பின்வரிசைகள் எழுந்து நின்று கைதட்டின. உயரமான வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து புஷ்பராணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் அந்த வலி புரிந்தது, இப்படி ஒரு கதையை நான் கேட்டதே இல்லை என்றாள். உண்மையாகவே அவள் கண் கலங்கியிருந்தது. "தேங்க்யூ" என்றாள் புஷ்பராணி. மாஸ்டர் என்னிடம், "ஒரு குறையும் இல்லாமல் நடந்தது, என்ன?" என்றார். எனக்கு அந்த மனிதரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவர் கையைப் பிடித்து ஆமாம் என்றேன். பொன்னாடை கழுத்தை அரித்தது.

ஜாஸ் தொடங்கிவிட்டது. ட்ரெவரும் கூட இன்னும் இரண்டு பேரும் சூடாக எதையோ வாசிக்க, கடையே ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்கத்தான் வந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் முஸ்லிம் பெரியவர், கடைசி பஸ் என்றதும் முன்னால் போன எல்லாவற்றையும் முந்திக்கொண்டு கொண்டுபோய் விட்டார். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மாரியாயிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புஷ்பராணி பக்கத்தில் உட்கார்ந்தாள், புத்தகம் மடியில். நான் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டு என்று சொல்ல வாய் வந்தது. விறகு பொறுக்கப் போன கதை ஞாபகம் வந்து சும்மா இருந்தேன்.

நன்றாக இருந்ததா அம்மா என்று மாரியாயியிடம் கேட்டேன். நல்லா இருந்துச்சுங்க, எம்மவளுக்கு எவ்வளவு பெரிய மனுசங்கெல்லாம் வந்திருந்தாங்க என்றாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொட்டி வாசிச்ச தொர எதுக்கு புள்ள அப்புடி வாசிச்சாரு? நீ பேருதானே சொல்லிக்கிட்டு இருந்த. எனக்கு யாரோ செத்த வீட்டுல உக்காந்திருக்க மாதிரி இருந்துச்சு."

புஷ்பராணி அம்மாவின் சேலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்தாள். பஸ் நகரத் தொடங்கியது.

"அவருக்குத் தமிழ் தெரியாதும்மா" என்றாள்.